டாக்டர் ஹூ ரசிகர்கள் எதற்காக இப்படி அடித்துக்கொள்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாக்டர் ஹூ பார்க்கத் தொடங்கிய நண்பர்கள் முதல் மாதம் கதையைப் பற்றிக் கேட்பார்கள். இரண்டாவது மாதம் ரசிகர்களைப் பற்றிக் கேட்பார்கள். "ஒருத்தர் இதுதான் சிறந்த சீசன் என்கிறார், இன்னொருத்தர் இதோடு தொடர் செத்துவிட்டது என்கிறார், யாரை நம்புவது?" என்பதுதான் எல்லாருடைய புலம்பலும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். சில கதைகளின் முடிவுகள் நடுவே வரும், அதற்கு இப்போதே மன்னிப்பு.

தொடரையே பார்க்காதவன் நான். சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

பிபிசி 1963 நவம்பர் 23 அன்று ஒளிபரப்பத் தொடங்கிய அறிவியல் புனைகதைத் தொடர். டாக்டர் என்று மட்டுமே அறியப்படும் ஒருவர், டார்டிஸ் என்ற வாகனத்தில் எந்தக் காலத்துக்கும் எந்தக் கிரகத்துக்கும் போவார். வெளியிலிருந்து பார்த்தால் அது பழைய லண்டன் போலீஸ் தொலைபேசிப் பெட்டி. கதவைத் திறந்து உள்ளே போனால் ஒரு மாளிகையே இருக்கும். கூட ஒன்றிரண்டு பேர், பெரும்பாலும் நம்மைப் போன்ற மனிதர்கள், பயணம் செய்வார்கள்.

1989-ல் தொடர் நின்றது. 1996-ல் ஒரு தொலைக்காட்சிப் படம் வந்தது. 2005 மார்ச்சில் மறுபடியும் தொடங்கியது. 1989 வரை வந்ததைப் பழைய தொடர் என்றும் 2005-க்குப் பிறகு வந்ததைப் புதிய தொடர் என்றும் சொல்வது வழக்கம். புதிய தொடருக்கே இருபது வயது தாண்டிவிட்டது என்பது வேறு விஷயம்.

நடிகர் மாறிக்கொண்டே இருக்கிறாரே, அந்த ஏற்பாடு எப்படி வந்தது?

அவசரத்தில் வந்தது. முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெலுக்கு 1966 வாக்கில் உடம்பு ஒத்துழைக்கவில்லை. தொடரோ நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர்தான் மனிதர் இல்லையே, உடம்பைப் புதுப்பித்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தார்கள். கதையின் கடைசியில் கிழவர் டார்டிஸ் தரையில் விழுகிறார், முகம் வெள்ளை வெளிச்சத்தில் கரைகிறது, பேட்ரிக் ட்ரௌட்டன் என்ற வேறொரு நடிகர் அங்கே கிடக்கிறார். அப்போது இதற்கு 'ரீஜெனரேஷன்' என்ற பெயர்கூடக் கிடையாது. அந்தச் சொல் தொடரில் வந்தது 1974-ல்தான்.

அடுத்த கதை எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். கூட வந்த இளைஞன் பென், "நீ டாக்டர் இல்லை" என்று முறைத்துக்கொண்டே திரிகிறான். வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களின் சந்தேகத்தை அவன் வாயில் வைத்துவிட்டார்கள். கடைசியில் அவன் சந்தேகத்தைப் பெரும்பாலும் தீர்த்துவைப்பது யார் தெரியுமா? ஒரு டாலெக். டாக்டரின் ஜென்ம விரோதி அவரை அடையாளம் கண்டுகொண்டு கண்குழலை அவர் பக்கம் திருப்புகிறது. நண்பன் நம்பாததை எதிரி நம்பிவிட்டான், அப்படியானால் இவர் டாக்டர்தான்.

புது டாக்டர் வரும்போதெல்லாம் ரசிகர்களில் பாதிப்பேர் பென் மாதிரி முறைப்பதும், ஒரு வருஷத்தில் பழகிப்போவதும் அன்று தொடங்கிய வழக்கம்.

'என் டாக்டர்' என்கிறார்களே, அது என்ன?

முதன்முதலில் நீங்கள் பார்த்துப் பழகிய டாக்டர். பெரும்பாலானவர்களுக்கு எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் பார்த்தவர். எழுபதுகளில் பிரிட்டனில் வளர்ந்தவர்களுக்கு நீளக் கழுத்துத்துணியும் சுருட்டை முடியுமாக டாம் பேக்கர். ஏழு ஆண்டுகள் நடித்தார், அந்தச் சாதனையை இன்னும் யாரும் முறியடிக்கவில்லை. 2005-க்குப் பிறகு வளர்ந்தவர்களுக்கு டேவிட் டெனன்ட் அல்லது மேட் ஸ்மித்.

என் டாக்டர் டெனன்ட்தான். விடுதி அறைத்தோழன் ஒருவனின் ஹார்ட் டிஸ்கில் 'பிளிங்க்' (2007) பார்த்துத் தொடங்கினேன். நாம் பார்த்துக்கொண்டிருக்கும்வரை கல்லாக நின்று, கண் இமைத்தால் பக்கத்தில் வந்துவிடும் தேவதைச் சிலைகள் வரும் கதை. அதில் டாக்டர் மொத்தமே சில நிமிடங்கள்தான் வருகிறார். அதாவது டாக்டரே அதிகம் வராத எபிசோடைப் பார்த்து டாக்டரின் ரசிகன் ஆனவன் நான். என் கருத்துகளை அந்த அளவுக்கு நம்பினால் போதும்.

சிறந்த கதை எது, மோசமான கதை எது என்பதிலாவது ஒற்றுமை உண்டா?

ஆச்சரியமாக, ஓரளவு உண்டு. டாக்டர் ஹூ மேகசின் 2009-ல் அதுவரை வந்த 200 கதைகளையும் வாசகர்களிடம் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னது. முதலிடம் 'தி கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோசானி'. இருநூறாவது இடம் 'தி ட்வின் டைலமா'. இரண்டும் 1984 மார்ச்சில் அடுத்தடுத்து வந்தவை. முதலாவது முடிந்த அடுத்த வாரமே இரண்டாவது தொடங்கிவிட்டது.

'ஆண்ட்ரோசானி'யில் உலகத்தைக் காப்பாற்றும் வேலையே இல்லை. டாக்டரும் பெரி என்ற பெண்ணும் ஒரு குகையில் தெரியாமல் ஒரு நச்சுப் பொருளைத் தொட்டுவிடுகிறார்கள். மருந்து, ஒரு வகை வௌவாலின் பால். சுற்றிலும் ஆயுதம் கடத்துபவன், முகமூடிக்காரன், ஊழல் முதலாளி என்று ஆளாளுக்குச் சுட்டுக்கொள்கிறார்கள். டாக்டருக்கு அவர்கள் எவரைப் பற்றியும் அக்கறையில்லை. அறிமுகமாகிச் சில நாட்களே ஆன ஒரு பெண்ணைப் பிழைக்கவைக்க வேண்டும், அவ்வளவுதான். கிடைத்த பால் வழியில் பாதி சிந்திவிடுகிறது. மிச்சம் ஒருவருக்குத்தான் போதும். அதை அவளுக்குக் கொடுத்துவிட்டு அவர் சாகிறார்.

அந்தச் சாவிலிருந்து எழுந்து வருபவர்தான் காலின் பேக்கரின் டாக்டர். 'ட்வின் டைலமா'வில், யாருக்காகச் செத்தாரோ அந்தப் பெரியின் கழுத்தையே மனக்குழப்பத்தில் நெரிக்கிறார். கண்ணைக் கூசும் ஒட்டுத்துணிக் கோட்டு வேறு. இதோடு சீசன் முடிந்தது. அடுத்த எபிசோட் 1985 ஜனவரியில்தான். புது டாக்டர் என்றால் கழுத்தை நெரிப்பவர் என்ற நினைப்போடு ஒன்பது மாதம் ஜனங்களை விட்டுவைத்தார்கள். காலின் பேக்கர் பிற்பாடு ஆடியோ நாடகங்களில் எவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறார் என்பதைக் கேட்டவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த ஒன்பது மாதத்தை அவரால் கடைசிவரை ஈடுகட்ட முடியவில்லை.

2014-ல் மறுபடி வாக்கெடுப்பு நடந்தபோது முதலிடம் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புக் கதையான 'தி டே ஆஃப் தி டாக்டர்'க்குப் போனது. கடைசி இடத்தில் மாற்றமில்லை. 241 கதைகளில் 241-வது 'ட்வின் டைலமா'.

"பழைய தொடர் நன்றாக இருந்தது, இப்போதுதான் கெடுத்துவிட்டார்கள்" என்பது உண்மையா?

எந்த ஆண்டிலிருந்து கெட்டது என்று சொல்பவரிடமே கேளுங்கள். சுவாரசியமான பதில் கிடைக்கும்.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் 1976-ல் வந்த 'தி டெட்லி அசாசின்'. அதற்கு முன்னால் டாக்டரின் இனமான டைம் லார்டுகள் கிட்டத்தட்ட தெய்வங்கள் மாதிரி. 1969-ல் அவர்கள் முதன்முதலில் வந்தபோது, டாக்டரே பயந்து நடுங்குகிறார், அவர்கள் கையசைத்தால் தீர்ப்பு. ஏழு ஆண்டு கழித்து ராபர்ட் ஹோம்ஸ் எழுதிய இந்தக் கதையில் நாம் அவர்கள் ஊருக்கே போகிறோம். பார்த்தால், கனத்த அங்கிகளையும் பெரிய கழுத்துப்பட்டைகளையும் மாட்டிக்கொண்டு கிழவர்கள் நடக்க முடியாமல் நடக்கிறார்கள். இடுப்பு வலியைப் பற்றிப் பேசுகிறார்கள், பதவிக்காகக் குழி பறிக்கிறார்கள், ஒரு கொலையை மூடி மறைக்க வரலாற்றையே திருத்தி எழுதச் சொல்கிறார்கள். தெய்வங்கள் கடைசியில் ஓய்வுபெற்ற அதிகாரிகள் சங்கம் ஆகிவிட்டார்கள்.

ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். அப்போதுதான் உருவாகியிருந்த ரசிகர் சங்கத்தின் தலைவரே கடுமையான விமர்சனம் எழுதி, டாக்டர் ஹூவின் மாயம் எங்கே போயிற்று என்று முடித்தார். இன்றைக்கு அதே கதை பழைய தொடரின் உச்சங்களில் ஒன்று. டைம் லார்டுகள் பற்றி இன்று 'மரபு' என்று ரசிகர்கள் காக்கத் துடிப்பதில் பெரும்பகுதி, பன்னிரண்டு முறைதான் உடல் மாற்றலாம் என்ற கணக்கு உட்பட, அந்தக் 'கெடுத்த' கதையிலிருந்து வந்ததுதான்.

ரசிகர்களுக்கு ஒரு கோபம் என்றால், வெளியே வேறொரு கோபம். மூன்றாம் பாகம் டாக்டரின் தலையைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்திருக்கும் காட்சியில் அப்படியே உறைந்து முடியும். அடுத்த சனிக்கிழமை வரை பிள்ளைகள் மனதில் அவர் மூழ்கிக்கொண்டே இருப்பார் என்று தொலைக்காட்சி ஒழுக்கத்துக்காகப் போராடிய மேரி வைட்ஹவுஸ் புகார் செய்தார். பிபிசி மன்னிப்புக் கேட்டு, அந்த உறைந்த காட்சியை மூல நாடாவிலேயே வெட்டியது. தண்ணீருக்கடியில் ஓர் ஆள் தவிப்பதைக் குழந்தைகள் நேரத்தில் உறையவைத்தது கொஞ்சம் அதிகம்தான் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் கதை பிரமாதம்.

பார்க்கவே முடியாத பழைய எபிசோட்களைப் பற்றியும் வாதம் செய்கிறார்களே?

அறுபதுகளில் நாடா விலை அதிகம், மறு ஒளிபரப்புக்கு நடிகர் சங்க ஒப்பந்தங்களில் வரம்பு இருந்தது, வீட்டில் வீடியோ என்ற பேச்சே இல்லை. வைத்திருந்து என்ன பயன் என்று பிபிசி நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியது. வெளிநாடுகளுக்கு விற்ற ஃபிலிம் பிரதிகளிலும் பெரும்பகுதி போய்விட்டது. முதல் ஆறு ஆண்டுகளில் வந்த 253 எபிசோட்களில் தொண்ணூறுக்கு மேல் இன்னும் காணவில்லை. ஆனால் ஒலி மட்டும் எல்லாவற்றுக்கும் இருக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து, வீட்டாரைப் பேசவிடாமல் பதிவு செய்த சில பையன்களின் புண்ணியம்.

பார்க்காததைப் பற்றிய கருத்து எவ்வளவு ஆட்டம் காணும் என்பதற்கு இரண்டு கதைகள் போதும். 'தி டூம் ஆஃப் தி சைபர்மென்' (1967) பல ஆண்டுகள் இழந்துபோன மகத்தான படைப்பு என்று பேசப்பட்டது. நேரில் பார்த்த பெரியவர்கள் அப்படிச் சொன்னார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஹாங்காங்கிலிருந்து முழுசாகத் திரும்பி வந்தது. நல்ல கதைதான். ஆனால் கம்பி தெரிகிறது, சில நடிப்பு உறுத்துகிறது, பெயர் கொஞ்சம் இறங்கிவிட்டது.

இதற்கு நேர்மாறு 'தி எனிமி ஆஃப் தி வேர்ல்ட்'. ஆறு பாகங்களில் மூன்றாவது மட்டுமே தப்பியிருந்தது. அதில் பாதி நேரம் நடைபாதையிலும் சமையலறையிலும், சிடுசிடுக்கும் ஒரு சமையல்காரரோடு போகும். இதை வைத்து மொத்தக் கதையையும் மந்தம் என்று ஒதுக்கிவிட்டார்கள். 2013-ல் நைஜீரியாவின் ஜோஸ் நகரத் தொலைக்காட்சி நிலையத்தில் இருந்து மற்ற ஐந்தும் கிடைத்தன. ட்ரௌட்டன் டாக்டராகவும் அவரை உரித்துவைத்த சர்வாதிகாரியாகவும் இரட்டை வேடத்தில் வெளுத்துக்கட்டியிருக்கிறார். ஒரே வாரத்தில் எல்லாரும் கட்சி மாறினார்கள்.

1985-86-ல் என்ன நடந்தது? அதைச் சொன்னாலே மூத்த ரசிகர்கள் பெருமூச்சு விடுகிறார்களே.

1985 பிப்ரவரியில் பிபிசி தொடரை நிறுத்திவைத்தது. ரசிகர்கள் கொடி பிடித்தார்கள். அறக்கட்டளை நிதிக்காக 'டாக்டர் இன் டிஸ்ட்ரெஸ்' என்று ஒரு பாட்டுகூட வெளியிட்டார்கள். கேட்டுவிடாதீர்கள். பதினெட்டு மாத இடைவெளிக்குப் பிறகு பதினான்கு பாகங்களில் ஒரே பெரிய கதையாக, டாக்டர் மீது வழக்கு நடப்பதாகத் தொடர் திரும்பியது.

கடைசிப் பாகத்தை எழுத வேண்டியவர் ராபர்ட் ஹோம்ஸ். அவர் 1986 மே மாதம் காலமானார். திரைக்கதை ஆசிரியர் எரிக் சேவர்ட் ஒரு முடிவை எழுதி, தயாரிப்பாளரோடு முரண்பட்டு அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார். பிப், ஜேன் பேக்கர் என்ற எழுத்தாளர் தம்பதியை அழைத்து, பதின்மூன்றாவது பாகத்தைக் கையில் கொடுத்து, பதினான்காவதைச் சில நாட்களில் எழுதுங்கள் என்றார்கள். சேவர்ட் யோசித்திருந்த முடிவு என்ன என்பதைச் சட்டச் சிக்கல் காரணமாக அவர்களுக்குச் சொல்லவே கூடாது. ஒரு மர்மக் கதையின் கடைசி அத்தியாயத்தை, கொலைகாரன் யார் என்று தெரியாமல் எழுதச் சொன்ன மாதிரி.

எழுதினார்கள். ஒளிபரப்பானது. பிபிசியின் 'ஓப்பன் ஏர்' என்ற பகல் நேர நிகழ்ச்சியில் ரசிகர் சங்கத்து இளைஞர்கள் சிலரைக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டார்கள். அதில் பதினாறு வயதுப் பையன் ஒருவன், இன்னும் எவ்வளவோ நன்றாக எழுதியிருக்கலாம் என்று அந்தத் தம்பதி கேட்கும்படியே விளாசினான். பெயர் கிறிஸ் சிப்னல்.

2018-லிருந்து 2022 வரை டாக்டர் ஹூவின் தலைமை எழுத்தாளர் அதே கிறிஸ் சிப்னல். இன்னும் எவ்வளவோ நன்றாக எழுதியிருக்கலாம் என்று அவரை விளாசாத பதினாறு வயது ரசிகன் அந்த நாலு ஆண்டில் இல்லை. இதை அவரைக் கேலி செய்ய மட்டும் சொல்லவில்லை. இந்தத் தொடரின் ரசிகர்களும் படைப்பாளிகளும் தனித்தனி ஆட்கள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். தொடர் நின்றிருந்த தொண்ணூறுகளில் அதன் நாவல்களை எழுதிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்தான் 2005-ல் அதை மீட்டெடுத்த ரஸ்ஸல் டி டேவிஸ். சின்ன வயதில் குறைப்பட்டுக்கொண்ட பார்வையாளர்கள்தான் இன்றைய தொடரை எழுதுகிறார்கள். அதனால் ஒவ்வொரு சீசனும் முந்தைய சீசன் மீதான ஒரு விமர்சனம் மாதிரியே வந்து விழுகிறது.

கேனன் என்கிறார்களே, எது அதிகாரபூர்வமான கதை?

நடந்தது நடந்ததாக ஏற்கப்பட வேண்டிய கதைகளின் தொகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாவல் சேர்த்தியா, ஆடியோ நாடகம் சேர்த்தியா என்றெல்லாம் பிபிசி ஒருபோதும் பட்டியல் போட்டதில்லை. தொடரே தன் வரலாற்றை முன்னுக்குப் பின் முரணாகத்தான் சொல்லிவந்திருக்கிறது. டைம் லார்டு என்ற சொல் வர ஆறு ஆண்டு, அவர்கள் கிரகத்துக்குக் கலிஃப்ரே என்று பெயர் வைக்கப் பத்து ஆண்டு ஆயிற்று. டாக்டருக்கு இரண்டு இதயம் என்பதே 1970-ல்தான் தெரிந்தது.

வேடிக்கையான உதாரணம், யூனிட் என்ற ராணுவப் பிரிவின் கதைகள் எந்த ஆண்டில் நடக்கின்றன என்ற கேள்வி. 1975-ல் வந்த கதையில் டாக்டரின் தோழி சாரா ஜேன் தான் 1980-லிருந்து வருவதாகச் சொல்கிறாள். 1983-ல் வந்த கதையில், அந்தப் பிரிவின் தலைவர் பிரிகேடியர் 1977-க்கு முன்பே ஓய்வுபெற்றுப் பள்ளி ஆசிரியராகிவிட்டார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒத்துவராது. ரசிகர்கள் பல ஆண்டுகள் இதற்காக மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 2008-ல் டெனன்ட்டின் டாக்டரே, நான் அங்கே வேலை பார்த்தது எழுபதுகளிலா எண்பதுகளிலா என்று நினைவில்லாமல் குழம்புவதாக ஒரு வசனம் வைத்து முடித்துவிட்டார்கள்.

'டைம்லெஸ் சைல்ட்' என்றதும் ஏன் குரல் உயர்கிறது?

சிப்னல் 2020 மார்ச் 1 அன்று ஒளிபரப்பிய கதையில், டாக்டர் கலிஃப்ரேயில் பிறந்தவரே இல்லை என்று வந்தது. வேறெங்கிருந்தோ வந்து தனியாகக் கிடந்த ஒரு குழந்தை. உடல் மாற்றும் சக்தி அந்தக் குழந்தையுடையது. அதை ஆராய்ந்துதான் டைம் லார்டுகள் தங்களுக்கும் ஏற்றிக்கொண்டார்கள். ஹார்ட்னெலுக்கு முன்னால் எத்தனையோ டாக்டர்கள் இருந்தார்கள், நினைவு அழிக்கப்பட்டுவிட்டது.

ஒரு கட்சி, அறுபது ஆண்டு வரலாற்றை அழித்துவிட்டார்கள் என்கிறது. இன்னொரு கட்சி 1976 ஜனவரியில் வந்த 'தி பிரெய்ன் ஆஃப் மோர்பியஸ்' கதையை நீட்டுகிறது. அதில் ஒரு மனப் போட்டியின்போது டாக்டரின் பழைய முகங்கள் திரையில் பின்னோக்கி ஓடும். ஹார்ட்னெலைத் தாண்டி இன்னும் எட்டு முகங்கள் வரும். தயாரிப்புக் குழுவினரே வேஷம் கட்டி எடுத்த படங்கள் அவை. அதில் ராபர்ட் ஹோம்ஸின் முகமும் உண்டு. அதே ஆண்டு நவம்பரில் அதே ஹோம்ஸ்தான் பன்னிரண்டு மாற்றங்களுக்கு மேல் கிடையாது என்று எழுதினார். எட்டு முகத்தையும் சேர்த்தால் டாம் பேக்கர் பன்னிரண்டாவது உடம்பு ஆகிறார், மிச்சம் ஒன்றே ஒன்று. கணக்கைப் பற்றி யாருக்கும் அப்போது கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

ஆக, வரலாற்றை மீறினார்கள் என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கமாட்டேன். என் குறை வேறு. டாக்டர் பெரிய ஆளாகப் பிறந்தவர் இல்லை, சலித்துப்போன ஊரிலிருந்து பழைய வண்டியைத் திருடிக்கொண்டு ஓடிவந்தவர் என்பதுதான் எனக்குப் பிடித்தது. அவரைப் பிறவியிலேயே தனிச்சிறப்பானவர் ஆக்கியதும் அந்த ஓடுகாலி கொஞ்சம் சின்னதாகிவிட்டார். தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த சில ரசிகர்கள் இதே கதையில் தங்களைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகு என் குறையைச் சத்தம் போட்டுச் சொல்வதில்லை.

பெண் டாக்டர் வந்ததும் அரசியல் புகுந்துவிட்டது என்கிறார்களே?

அரசியல் முன்பே உள்ளே உட்கார்ந்திருந்தது. 1970-ல் மால்கம் ஹல்க் எழுதிய சைலூரியன் கதையில், பூமியின் பழைய குடிகளோடு சமாதானம் பேச டாக்டர் முயல்கிறார், ராணுவம் அவர்களை வெடிவைத்து மூடிவிடுகிறது. 1973-ல் வேல்ஸ் சுரங்கத்தில் ரசாயன ஆலை கொட்டிய கழிவிலிருந்து ராட்சதப் புழுக்கள். 1988-ல் 'தி ஹாப்பினஸ் பேட்ரோல்' கதையில் வரும் ஆட்சியாளர் மார்கரெட் தாட்சரின் நையாண்டி என்பதை யாரும் மறைக்கவில்லை.

ஜோடி விட்டேக்கர் காலத்தைப் பற்றிய நியாயமான குறை வேறு: கருத்தைக் கதாபாத்திரங்கள் நின்று விளக்குகிறார்கள், டாக்டருக்குக் கோபமோ தப்போ செய்ய இடமில்லை. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதைச் சொல்வதற்கு அவர் பெண் என்பது தேவையில்லை. அவருடைய முதல் எபிசோடை ஏறக்குறைய 1.1 கோடிப் பேர் பார்த்தார்கள்.

அந்தக் காலத்தின் 'டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்' (2018) ஒன்றையாவது பாருங்கள். வினய் பட்டேல் எழுதியது. யாஸ் என்ற பெண் தன் பாட்டியின் இளமையைப் பார்க்க 1947 ஆகஸ்ட் பஞ்சாபுக்குப் போகிறாள். முஸ்லிம் பாட்டி ஓர் இந்து இளைஞனை மணக்கப் போகிறார், எல்லைக்கோடு அவர்கள் வயல் நடுவே விழுகிறது. வேற்றுக்கிரகவாசிகள் பார்க்கப் பயங்கரமாக இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் வந்தது யாருமில்லாமல் சாகிறவர்கள் பக்கத்தில் நிற்பதற்கு மட்டும். துப்பாக்கியோடு வருபவர்களைக் கூட்டிவருவது மாப்பிள்ளையின் சொந்தத் தம்பி. டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது, திரும்பி நடந்துபோகிறார். கடைசிப் பெயர்ப் பட்டியலில் வழக்கமான இசைக்குப் பதிலாக ஒரு குரல் அந்த மெட்டை இழுத்துப் பாடும்.

பழையது எல்லாம் தங்கம் என்பவர்களிடம் 'தி டேலன்ஸ் ஆஃப் வெங்-சியாங்' (1977) பற்றியும் கேட்கலாம். எழுத்து அபாரம், வாக்கெடுப்புகளில் எப்போதும் மேலே. ஆனால் முக்கியமான சீனப் பாத்திரத்தில் ஒப்பனை போட்ட வெள்ளைக்கார நடிகர், சுற்றிலும் சீனர்களைப் பற்றிய கேவலமான கிண்டல். இரண்டும் ஒரே கதையில்தான் இருக்கின்றன.

இந்தியத் தொடர்பு வேறு ஏதாவது?

ஆரம்பத்திலேயே இருக்கிறது. முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர். அப்போது வயது இருபத்தைந்துக்குள். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டும் இருபதுகளில் இருந்த பெண். பிபிசியின் பெரியவர்கள் நடுவே இந்த இருவரும் ஒரு நெருக்கடியான பழைய ஸ்டுடியோவில் தொடங்கிவைத்தது இது. அடுத்து பெரும்பகுதி ஹுசைன் இயக்கிய 'மார்கோ போலோ' ஏழு பாகமும் காணாமல் போனவற்றில் சேர்த்தி.

டேவிஸா, மொஃபாட்டா?

டேவிஸுக்கு மனிதர்கள் தெரியும், முடிவு தெரியாது. அவருக்குப் பின் தலைமை எழுத்தாளரான ஸ்டீவன் மொஃபாட்டுக்குப் புதிர் தெரியும், சில சமயம் அதை எதற்குப் போட்டோம் என்பது மறந்துவிடும். எனக்கு மொஃபாட்டின் 'ஹெவன் சென்ட்' (2015) ஒன்றே போதும். டாக்டராக நடித்த பீட்டர் கபால்டி தனி ஆளாக ஒரு கோட்டைக்குள், வைரத்தைவிடக் கடினமான சுவரைக் கையால் குத்திக் குத்தி 450 கோடி ஆண்டுகள் கழிக்கிறார். அடுத்த வாரம் வந்த 'ஹெல் பென்ட்' அதை வீணாக்கியது என்பவர்கள் பாதி, நிறைவு செய்தது என்பவர்கள் பாதி. நான் மூன்று முறை பார்த்தும் மாறி மாறித்தான் நினைக்கிறேன்.

பார்வையாளர் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யக் கூடாதா?

தொடரின் உச்ச எண்ணிக்கை 1979 அக்டோபரில் 'சிட்டி ஆஃப் டெத்' கடைசிப் பாகத்துக்கு வந்த 1.61 கோடி. அப்போது போட்டி நிறுவனமான ஐடிவி வேலைநிறுத்தத்தால் திரை கறுத்துக் கிடந்தது. மாறாக 1989-ல் ஒரு பாகத்துக்கு 31 லட்சம்தான். எதிரே 'காரனேஷன் ஸ்ட்ரீட்' ஓடியது. அந்த 1989 சீசனை இன்று பலர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள்.

இப்போது தொடர் எந்த நிலையில் இருக்கிறது?

டிஸ்னியோடு கூட்டுச் சேர்ந்து எடுத்த ஷூட்டி கட்வாவின் காலம் 2025 மே 31 அன்று முடிந்தது. அவர் உடல் மாறியதும் தெரிந்த முகம் பில்லி பைப்பர், 2005-ல் டாக்டரின் தோழி ரோஸாக நடித்தவர். பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் மட்டும் வந்தது, டாக்டராக என்று போடவில்லை. அந்த ஒரு சொல் இல்லாததை வைத்து எத்தனை ஆயிரம் பக்கம் வாதம் நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அதே ஆண்டு அக்டோபரில் டிஸ்னி விலகிவிட்டதாக பிபிசி அறிவித்தது, கூடவே 2026 கிறிஸ்துமஸுக்கு டேவிஸ் எழுதும் ஒரு சிறப்புக் கதையையும்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

2005-ன் 'ரோஸ்'. முதல் சில கதைகளில் பிளாஸ்டிக் பொம்மைகளும் குசு விடும் வேற்றுக்கிரகவாசிகளும் வருவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுமை இல்லையென்றால் நேராக 'பிளிங்க்'. பழைய தொடர் வேண்டுமென்றால் 'சிட்டி ஆஃப் டெத்', அப்புறம் 'ஆண்ட்ரோசானி'. அதோடு நிறுத்திக்கொண்டு, அடுத்த வாரக் கதையைப் போடாதீர்கள்.

அவரை 'டாக்டர் ஹூ' என்று அழைத்தால் திட்டுகிறார்களே?

அவர் பெயர் டாக்டர் மட்டும்தான், 'டாக்டர் ஹூ' தொடரின் பெயர் என்று திருத்துவார்கள். திருத்துபவரிடம் பெயர்ப் பட்டியலைக் காட்டுங்கள். 1963-லிருந்து 1981 வரை பாத்திரத்தின் பெயர் டாக்டர் ஹூ என்றுதான் திரையில் வந்தது. பீட்டர் டேவிசன் வந்தபோது டாக்டர் என்று மாற்றினார்கள். 2005-ல் கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டனுக்கு மறுபடி டாக்டர் ஹூ. அடுத்து வந்த டெனன்ட் சின்ன வயதிலிருந்தே தீவிர ரசிகர், அவர் கேட்டுக்கொண்டதால் மறுபடி டாக்டர்.